தாத்தா பார்க்காத அரங்கு

எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவம்தான் எங்களுக்கு மல்யுத்த மேடை. பின்னேரம் கணக்கப்பிள்ளை கிளம்பிப் போனதும் பழைய சாக்குகளைத் தரையில் விரித்துவிடுவோம். இலங்கையின் வலப்பனையில் மழை தொடங்கினால் லேசில் விடாது; தகரக்கூரை அதிர அதிர எங்கள் கூச்சலும் ஏறும். ஒருவன் மல்லர் தாரா சிங், இன்னொருவன் அவரோடு மோதிய கிங்காங். கிங்காங்குக்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம், கடைசியில் தோற்க வேண்டுமே!

இந்தக் கதைகளெல்லாம் தாத்தா தந்தவை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் குந்துவார். கையில் பிளேன்டீ, உள்ளங்கையில் சீனி.

"அந்தக் கிங்காங்கு இருக்கானே, 200 கிலோடா. அவனையே தலைக்கு மேல தூக்கி வெளியே வீசுனான் நம்மாளு."

பஞ்சாபிக்காரர் எப்படி நம்மாளு ஆனார்? 1947 வாக்கில் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போய், ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே குஸ்தி பழகியவர் தாரா சிங். கடல் தாண்டிக் கூலிக்கு வந்த குடும்பத்தில் பிறந்த தாத்தாவுக்கு அந்த உறவு போதும். பின்னாளில் ராமாயணத் தொடரின் கேசட்டைத் தோட்டத்தில் போட்டபோது, அனுமனாக வந்த தாரா சிங்கைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டது அனுமனையா, தாரா சிங்கையா என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

அவர் சொன்ன சண்டைகள் பல நடந்த இடம் சிங்கப்பூரின் ஹேப்பி வேர்ல்ட். 1937இல் கேலாங் பக்கம் திறந்த கேளிக்கைப் பூங்கா அது. நடன மண்டபம், சினிமா, சூதாட்டக் கடைகள், இவற்றோடு கூரை போட்ட பெரிய விளையாட்டரங்கு. குத்துச்சண்டை, பூப்பந்து, கூடைப்பந்து எல்லாம் அங்கே நடந்தன. துறைமுகக் கூலிகளும் கடைச் சிப்பந்திகளும் காசு சேர்த்து வைத்துப் போய்ப் பார்த்த இடம். 1960களில் கே வேர்ல்ட் என்று பெயர் மாறியது. தொலைக்காட்சி வந்ததும் கூட்டம் மெல்ல வடிந்தது.

சித்தி, வீட்டு வேலைக்காகச் சிங்கப்பூர் போனது தொண்ணூறுகளில். ஒரு கடிதத்தில், ஞாயிற்றுக்கிழமை லீவில் அந்த அரங்கைப் பார்த்ததாக எழுதியிருந்தாள். பெயிண்ட் உதிர்ந்து, வாசல் அடைத்துக் கிடந்ததாம். தாத்தா அந்தக் கடிதத்தை என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "உள்ள போகலியா புள்ள?" என்று கடிதத்தையே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வரும் முன்னே கண்ணை மூடிவிட்டார்.

2000இல் பூங்காவை மூடி, பிறகு அரங்கையும் இடித்துவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் அதன் படங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த அரங்கை நேரில் காணாமலே உயிராய் நேசித்த எங்கள் லயத்து மனிதர்களைப் பற்றி எந்தக் காப்பகத்திலும் ஒரு வரி நான் கண்டதில்லை. உங்கள் வீட்டில் அப்படியொரு பெரியவர் இன்னும் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.