விழா அறியாத ஊரில் ஒரு விழா மாலை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ்' என்றோர் அருங்காட்சியகம் உண்டு. பழம்பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கிவைத்துக் காட்டும் கூடம் அன்று அது. 1830ஆம் ஆண்டையொட்டிய காலத்துச் சிற்றூர் ஒன்றையே திறந்தவெளியில் அமைத்து, 1946ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்குத் திறந்துவைத்தனர். பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த பழைய வீடுகள் அங்கு நிற்கின்றன. கொல்லுலை உண்டு, மாவாலை உண்டு, தொழுகைமனையும் உண்டு. அக்கால உடை தரித்த பணியாளர்கள் வருவோர் கண்முன்னே இரும்பு காய்ச்சி அடிக்கின்றனர். அடுப்பில் விறகிட்டுச் சமைக்கின்றனர்.

டிசம்பர் மாலைகளில் இவ்வூர் புதுக்கோலம் பூணுகிறது. அந்நாள்களில் அங்கு மணி நாலரை ஆகுமுன்பே கதிரவன் மறைந்துவிடுவான். இருள் சூழ்ந்த வீதியிலே மெழுகுவத்தி ஒளி மிளிர, அணிசெய்த மரங்கள் வழிநெடுக நிற்க, கிறிஸ்துமஸ் பாடல்கள் காற்றில் மிதந்து வருகின்றன. திறந்தவெளியில் மூட்டிய தீயைச் சுற்றிக் குழந்தைகள் கைகளைக் காய்ச்சிக்கொள்கின்றனர். பார்ப்பவர் நெஞ்சம் குளிரை மறந்துவிடும்.

ஆயின், அவ்வூர் சித்திரிக்கும் காலத்து மக்களுள் பெரும்பாலோர் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்கள் அல்லர்! அவர்களுக்கு டிசம்பர் 25 மற்றுமொரு வேலைநாளே. இதன் வேர் 17ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய பியூரிட்டன் சமயத்தாரிடம் உள்ளது. அந்த நாளைக் கொண்டாடுமாறு விவிலியத்தில் எங்கும் கட்டளை இல்லை என்பது அவர்தம் வாதம். குடியும் கூத்துமாக அது கழிவதையும் அவர்கள் வெறுத்தனர். 1659இல் அக்குடியேற்றப் பகுதியின் மன்றம், கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தது. 1681இல் அச்சட்டம் நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. மாசசூசெட்ஸில் அந்நாள் சட்டப்படி விடுமுறையானது 1856இல்தான். உற்றார் கூடி உண்டு மகிழும் பெருநாளாக அம்மக்கள் போற்றியது நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாளையே.

அருங்காட்சியகத்தார் இவ்வுண்மையை ஒளிக்கவில்லை, தாமே எடுத்துரைக்கின்றனர். பாராட்டத்தக்க செயல் இது. விழாவையே நிறுத்திவிட வேண்டும் என்பார் கூற்று மிகையானது. மகிழ்ச்சி தேடி வந்தவரை வெறுங்கையராய் அனுப்புவதில் வரலாற்றுக்கு என்ன ஆதாயம்? விளக்கேற்றியது குற்றமன்று. 'முன்னோரும் இவ்வாறே ஏற்றினர்' என்று நம்பிக் குழந்தை வீடு திரும்புமானால், அதுவே குற்றம். பாடநூலின் அழகிய படங்கள் சிலவும் இக்குற்றத்தைச் செய்வதுண்டு.

அந்த மெழுகுவத்தியையே எடுத்துக்கொள்வோம். அக்காலத்து உழவர் வீட்டில் இலையுதிர் காலத்தில் மாடு அறுத்தபின் கொழுப்பை உருக்குவார்கள். கோல்களில் திரிநூல்களைத் தொங்கவிட்டு, உருகிய கொழுப்பில் தோய்த்து எடுத்து ஆறவிடுவார்கள். ஆறியபின் மீண்டும் தோய்ப்பார்கள். விரல் பருமன் வரும்வரை இவ்வேலை ஓயாது. குளிர்காலம் முழுவதற்கும் அதுவே கையிருப்பு. பெரும்பாலான இரவுகளில் அடுப்புத் தீயின் வெளிச்சமே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அத்தகைய இல்லத்தரசி ஒருத்தி இம்மாலையில் எழுந்து வருவாளாயின், பாடலையோ அணிசெய்த மரத்தையோ கண்டு அவள் வியப்பது பிறகுதான். ஆளில்லாத சன்னலில் வீணே எரியும் மெழுகுவத்தியை முதலில் ஊதி அணைத்துவிடுவாள்.