வாடைக்குப் பிறகு திணறும் அவுட்போர்டு எஞ்சின்

வாடைக்காற்று மாதங்களில் தங்கச்சிமடத்தின் வடகடல் கொந்தளிக்கும். கரையேற்றிய வள்ளங்களில் அவுட்போர்டு பெட்ரோல் எஞ்சின்கள் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். (விசைப்படகுகள் டீசலில் ஓடுவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.) காற்று தணிந்ததும் கயிற்றை இழுத்தால் எஞ்சின் கிளம்பும், வேகமாகவும் ஓடும். வலை வாங்க வேகத்தைக் குறைத்ததும் பொட்டென்று நின்றுவிடும்! பாக் நீரிணையில் இது விளையாட்டல்ல. நீரோட்டம் வள்ளத்தை 1974-இல் வகுத்த எல்லைக்கோட்டுப் பக்கம் இழுத்துப்போகலாம்.

உடனே பிளக்கை மாற்றச் சொல்வார்கள். பாவம், பிளக் என்ன செய்யும்? கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டரில்தான். உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போலப் படிகிறது. வேகமாக ஓட உதவும் மெயின் ஜெட்டின் துளை பெரியது, தப்பிவிடும். மெதுவாக ஓட உதவும் ஸ்லோ ஜெட்டின் துளையோ ஊசிமுனை அளவு. சோக்கை இழுத்தால் மட்டும் நிற்காமல் ஓடுகிறதென்றால், அங்கேதான் அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐடில் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டுவது நோயை மறைக்கும் வைத்தியம். பழைய பெட்ரோலை வடித்து, ஜெட்டைக் கழற்றி, கிளீனர் அடித்துக் காற்றால் ஊத வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு புது ஜெட்தான். கரையில் ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சினின் அடிப்பகுதி தண்ணீர் டிரம்மில் இருக்கட்டும். இல்லையேல் பம்பின் ரப்பர் கருகும்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் மிஞ்சினால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அதனால் டேங்கையும் ஃபில்டரையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த வாடைக்கு முன் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை டிரம்மில் ஓடவிட்டால் கார்புரேட்டர் ஏறக்குறையக் காலியாகிவிடும். சில நிமிட வேலைதான்.