ஆஸ்பத்திரி ஆப்பிளும் இங்கிலீஷ் கேக்கும்!

பாண்டிச்சேரின்னதும் பீச், காந்தி சிலை, மஞ்சள் சுவர் வீடுகள்னு கேமராவோட கிளம்புற ஆளா நீங்க? திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தா, அதுக்கெல்லாம் முன்னாடியே வேற ஒரு பாண்டி வந்துடும். அதுதான் கோரிமேடு!

தமிழ்நாடு முடிஞ்சு புதுவை தொடங்குற எல்லை இது. 1947 வரை அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி, இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைச்சது 1954 நவம்பர் 1-ல்தான். இன்னிக்கு கோரிமேட்டுக்கு அடையாளம் ஜிப்மர் ஆஸ்பத்திரி. 1823-ல் பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளிதான் இதுக்கு வேர். ஜிப்மர்ங்கிற பெயர் வந்தது 1964-ல்.

ஆஸ்பத்திரி இருந்தா பக்கத்திலேயே பழக்கடை இருக்கும். பேஷன்ட்டைப் பார்க்கப் போனா ஆப்பிள், இல்லேன்னா ஹார்லிக்ஸ். இது நம்ம ஊர்ல எழுதப்படாத சட்டமாச்சே! கோரிமேட்டில் இருக்கிற எங்க சித்தப்பா ரெண்டு வாரம் அட்மிட் ஆகியிருந்தப்போ வந்தவங்க எல்லோரும் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிட்டு வந்தாங்க. அவருக்கோ கஞ்சி மட்டும்தான்! அத்தனை ஆப்பிளும் சித்தி வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்து தோல் சுருங்க ஆரம்பிச்சுது.

இந்த மாதிரிப் பழத்துக்குன்னே இங்கிலாந்தில் ஒரு கேக் இருக்கு. தென்மேற்கில் டார்செட், டெவன், சாமர்செட் எல்லாம் ஆப்பிள் தோட்டப் பகுதிகள். காத்துல விழுந்து அடிபட்ட பழத்தை வீணாக்காம, வீட்டில் இருக்கிற மாவு, வெண்ணெயோட சேர்த்து செய்ற கேக். ஐசிங், க்ரீம்னு எந்த பந்தாவும் கிடையாது.

கணக்கு ரொம்ப சிம்பிள். மாவும் ஆப்பிளும் சம எடை. வெண்ணெயும் சர்க்கரையும் அதில் பாதி. மைதா 225 கிராமில் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் பட்டைத்தூள் கலந்து, 115 கிராம் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் புட்டு மாவு பதத்துக்கு உதிர்த்துவிடுங்க. 115 கிராம் சர்க்கரை, பொடியா நறுக்கின 225 கிராம் ஆப்பிள், 1 முட்டை சேர்த்துக் கிளறுங்க. பாலை ஸ்பூன் ஸ்பூனா பார்த்து ஊத்துங்க. ஏன்னா ஆப்பிளில் நூத்துக்கு 85 பங்கு தண்ணி. வேகும்போது அது வெளியே வரும். பாலும் அதிகமானா கேக் களியாயிடும்! அங்கே போடுறது பிராம்லி மாதிரி புளிப்பு ஆப்பிள். நம்ம சிம்லா, காஷ்மீர் ஆப்பிள் இனிப்பு. அதனால சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சு, எலுமிச்சைச் சாறு பிழிஞ்சா சரியாயிடும்.

அவன் இல்லையா? பழைய குக்கரை எடுங்க. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிடணும், இது முக்கியம்! தண்ணிக்குப் பதிலா அடியில் ஒரு இஞ்ச் உப்பு, மேலே ஒரு ஸ்டாண்டு. பத்து நிமிஷம் சூடாக்கி, நெய் தடவின பாத்திரத்தில் மாவை ஊத்தி உள்ளே வெச்சு மூடுங்க. உப்பு சூட்டைப் பிடிச்சு வெச்சு சீரா விடும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் படிச்சது வீட்டுக்கு உதவின ஒரே இடம் இதுதான், பாஸ்! சிம்மில் 45, 50 நிமிஷம். குச்சியால் குத்தினா மாவு ஒட்டக் கூடாது.

முதல் துண்டு சித்திக்கு. ரெண்டு வாரமா ராத்திரி சேரிலேயே தூங்கினவங்க. சாப்பிட்டுட்டு அவங்க சொன்னது: "இந்தப் பதினாலு நாள்ல எனக்குன்னு வந்த முதல் பொருள் இதுதான்டா!"

உண்மைதானே? ஆஸ்பத்திரிக்கு வர்ற எல்லோரும் பேஷன்ட்டை விசாரிக்கிறாங்க. கூட இருக்கிறவங்களை யார் விசாரிக்கிறாங்க? அடுத்த முறை யாரையாவது பார்க்க கோரிமேடு போனா, ஆப்பிள் வாங்குறதுக்கு முன்னாடி துணைக்கு இருக்கிறவங்களுக்கு ஒரு போன் போடுங்க, மக்களே. "நீங்க சாப்பிட்டீங்களா? உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"