இருபத்து நான்கு செல்கள்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில், அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கம் வீசும் காற்று இரும்பைச் சும்மா விடாது. துத்தநாகம் பூசிய கைபேசிக் கோபுரத்தின் கால்களிலேயே போல்ட் தலைகளைச் சுற்றித் துரு ஏறியிருந்தது. நான் அண்ணாந்து ஆன்டெனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிவேலிப் பூட்டைத் திறந்துகொண்டிருந்த டெக்னீசியன் அண்ணன், "மேல ஏறுற வேலை எப்பவாவதுதான் சார். எங்க பொழப்பெல்லாம் கீழதான்" என்றார். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவர். இந்தக் கரையோர சைட்டுகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறார்.

மின்வாரிய இணைப்பு வந்து சேரும் பேனல், ரெக்டிஃபையர்களும் பேட்டரிகளும் அடங்கிய இரும்பு அலமாரி, சற்றுத் தள்ளி டீசல் ஜெனரேட்டர். கீழே இருப்பவை இவ்வளவுதான். கோபுரத்துக் கருவிகள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் ஓடுவதில்லை. ரெக்டிஃபையர் அதை 48 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது. அதிலும் பாசிட்டிவ் முனையைத்தான் எர்த் செய்கிறார்கள். பழைய தொலைபேசி நிலையங்களிலிருந்து வந்த வழக்கம் இது. அப்படிச் செய்தால் ஈரத்தில் செம்புக் கம்பி அரிபடுவது குறையும். இந்த உப்புக் காற்றில் நின்று கேட்கும்போது, அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மீது மரியாதை வந்தது.

அலமாரியைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. உள்ளே 24 செல்கள். ஒவ்வொன்றும் 2 வோல்ட், ஈய-அமில வகை, ஏறத்தாழ நாற்பது கிலோ. கரண்ட் போனதும் யாரோ சுவிட்ச் போட்டு இவற்றை இணைப்பதில்லை. இவை எந்நேரமும் லைனிலேயே கிடக்கின்றன. அதனால்தான் ஊர் இருண்டாலும் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு அறுவதில்லை. 600 ஆம்பியர்-ஹவர் பேங்க்; சைட் 60 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி பத்து மணி நேரம் தாங்க வேண்டும். "அது காகிதத்துல. புதுசுலயே எட்டு மணி நேரம்னு வச்சுக்குங்க" என்றார் அண்ணன்.

அன்றைய வேலை டிஸ்சார்ஜ் டெஸ்ட். ஜெனரேட்டரை மேனுவலில் வைத்துவிட்டு மெயின்ஸை நிறுத்தினார். உடனே அளக்கவில்லை. காத்திருக்க வேண்டும் என்றார். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எல்லா செல்லும் 2.25 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டும். நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத் தெரியும். சுமை தூக்கவிட்டால்தான் சாயம் வெளுக்கும். வெகுநேரம் கழித்து மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு செல்லாகத் தொட்டு, நோட்டில் எழுதிக்கொண்டே போனார். 2.04, 2.03, 2.04. பதினேழாவது செல்லில் 1.91. மறுபடி வைத்தார், அதே எண். புறங்கையை அதன் பக்கவாட்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "இது சுடுது. இந்த ஒண்ணுதான் மத்த இருபத்து மூணையும் கெடுக்குது" என்றார்.

எல்லாம் தொடராக இணைந்தவை என்பதால், பலவீனமான ஒரு செல் வேகமாக இறங்கினால் மொத்த வோல்ட்டும் அதோடு இறங்கும். 43-ஐ நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கருவி பேட்டரியைத் துண்டித்துவிடும். அதற்கு முன்பே ரேடியோக்களை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கோபுரங்களுக்குப் போகும் மைக்ரோவேவ் இணைப்பை மட்டும் கடைசி வரை காப்பாற்றும். ஏனென்றால் இந்த ஒரு சைட் படுத்தால் இதை நம்பியிருக்கும் சைட்டுகளும் சேர்ந்து படுக்கும். ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ஏசி அறைகள் போய், மின்விசிறி மட்டும் உள்ள வெளிப்புற அலமாரிகள் வந்த பிறகு, நம் வெயிலில் அந்தச் செல்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெனரேட்டர் வேலை சீக்கிரம் முடிந்தது. டேங்க் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்தார். எலி கடித்த வயர் உண்டா என்று பார்த்தார். செல்ஃப் பேட்டரியை அளந்தார். டீசல் நிறைய இருந்தும் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துப்போய் ஜெனரேட்டர் கிளம்பாத இரவுகள் நிறைய என்றார்.

கஜா புயல் பற்றிக் கேட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலை இந்தக் கரையைத்தான் அது கடந்தது. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. "எங்க டவர் சாயல சார். பசியில செத்துச்சு" என்றார். பேட்டரி தீர்ந்தது, டேங்க் வறண்டது, டீசல் வண்டி வர ரோடு இல்லை. விழுந்த தென்னைகளுக்கு மேலே கேனைத் தூக்கிக்கொடுத்து, அந்தப் பக்கம் இறங்கி வாங்கி, அடுத்த மரத்துக்கு நடந்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் ஊர் ஜனங்கள் சார்ஜரோடு வந்து வேலியோரம் நின்றார்களாம். வெளியூரிலிருந்த பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்வதற்காக.

பேரிடர்க் காலத் தகவல் தொடர்பு என்று நாம் பெரிதாகப் பேசுவது இந்தக் கேனைச் சுமந்தவர்களைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் சேவை நிறுவனம் கோபுரத்தை வாடகைக்கு எடுக்கிறது, கோபுர நிறுவனம் பராமரிப்பை ஒப்பந்தக்காரரிடம் விடுகிறது, ஒப்பந்தக்காரர் இவரை வைத்துக்கொள்கிறார். கூலி அந்தப் படிகளில் இறங்கி வருவதற்குள் தேய்ந்துவிடுகிறது. இது அநியாயம்.

டீசலைக் குறைக்கச் சொல்லி அரசு 2012-லேயே உத்தரவிட்டது. ஊரகக் கோபுரங்களில் பாதியை 2015-க்குள் கலப்பு மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்றது. இப்போது லித்தியம் பேட்டரிகளும் வந்துகொண்டிருக்கின்றன. எடை குறைவு, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் செல்கள் மூடிய பெட்டிக்குள் இருக்கின்றன. மீட்டர் முனை உள்ளே போகாது. எந்தச் செல் நொடிக்கிறது என்பது பெட்டிக்குள்ளிருக்கும் மின்னணுப் பலகைக்குத்தான் தெரியும். அண்ணனுக்குத் தெரிவது சிவப்பு விளக்கு ஒன்றுதான். அதைப் படிக்கும் மென்பொருளையும் கேபிளையும் கேட்டு மேலே சொல்லியிருக்கிறார். "பெட்டியக் கழட்டி அனுப்புங்கங்கிறாங்க. என்ன கெட்டுச்சுன்னு தெரியாம எப்படி சார் அடுத்ததப் பாத்துக்கிறது?"

பதினேழாவது செல்லுக்கு மாற்றுக் கேட்டு, அளந்த எண்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டுத்தான் அலமாரியைப் பூட்டினார்.