பேர் ஆக்ட் புத்தகமும் செத்துப்போன 66ஏ-வும்

சட்டப் புத்தகத்தை எல்லாம் இனிமே எதுக்குங்க அச்சடிக்கணும், நெட்ல இலவசமா போட்டா போதாதா? நம்மளை மாதிரி பொட்டி தட்டுற கூட்டத்துல இந்தக் கேள்வி அடிக்கடி வரும். போடட்டும், ரொம்ப நல்லது. என் கவலை எப்படிப் போடுறாங்க என்பதில்தான்.

நம்ம நாட்டில் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாச்சு. மத்திய அரசின் சட்டங்கள் 'இந்தியா கோட்' தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. 2008-ல் சுஷாந்த் சின்ஹா என்ற கம்ப்யூட்டர்காரர் (நம்ம இனம்!) 'இந்தியன் கானூன்' ஆரம்பித்தார். சுப்ரீம் கோர்ட்டும் 2023 ஜனவரியில் தன் தீர்ப்புத் தொகுதிகளை இலவசமாகத் திறந்துவிட்டது.

ஆனாலும் தாலுகா கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் எங்க மாமா புத்தகத்தை விடவில்லை. 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவு 358 ஆச்சு. 420-கூட 318(4) ஆயிடுச்சு (அப்படித் திட்டினா யாருக்காவது கோபம் வருமா சொல்லுங்க!). பழைய புத்தகத்தை எடைக்குப் போடலையா மாமான்னு கேட்டேன். "ஜூலைக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்குப் பழைய சட்டம்தான்டா. அந்தக் கேஸெல்லாம் இன்னும் எத்தனை வருஷம் ஓடுமோ"ன்னார். அதாவது, இன்றைய சட்டம் மட்டும் தெரிந்தால் பத்தாது. சம்பவம் நடந்த அன்றைக்கு என்ன சட்டம் இருந்ததோ அதுவும் வேணும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் 66ஏ. இணையத்தில் எழுதுற யாரும் மறக்கக்கூடாத பிரிவு. புண்படுத்தும்படி எதையாவது எழுதினால் மூணு வருஷம் வரை உள்ளே. 2012-ல் புதுச்சேரியில் ஒருத்தரை ஒரு ட்வீட்டுக்காகக் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவையே ரத்து பண்ணியது. அப்புறமும் போலீஸ் அதே பிரிவில் வழக்கு போட்டுக்கொண்டே இருந்தது!

2021 ஜூலையில் இது கோர்ட்டுக்கு வந்தப்போ நீதிபதிகளே அதிர்ந்துட்டாங்க. அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் சொன்ன விளக்கம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகத்தில் பிரிவு அப்படியே முழுசாக இருக்கிறது, ரத்தான சேதி அடிக்குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது என்றார். ஒரு பொடி எழுத்துக்கும் ஒரு மனுஷன் லாக்கப்பில் உட்காருவதற்கும் இவ்வளவு நெருக்கம். 2022 அக்டோபரில் கோர்ட் மறுபடியும் ஒரு தடவை உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போ அந்தப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கினால் என்ன மாறும்? அதே பொடி எழுத்து, போனில் இன்னும் பொடியாகத் தெரியும். காப்பி-பேஸ்ட் பண்ணினால் அடிக்குறிப்பு சுத்தமாகவே காணாமப் போகும். அதுவாவது பரவாயில்லை. அச்சுப் புத்தகத்தில் எந்த வருஷப் பதிப்பு என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். பிடிஎஃபை ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டா நேற்று என்ன இருந்ததென்று யாருக்குத் தெரியும்?

நாம எழுதுற பத்து வரி கோடுக்கே வெர்ஷன் கண்ட்ரோல் இல்லாம வேலை பார்க்க மாட்டோம். பிரிட்டன் அரசின் சட்டத் தளத்தில் பல சட்டங்களுக்குத் தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய வடிவம் வரும். இங்கேயும் அது வேணும். கூடவே, செத்த பிரிவு செத்ததாகவே தெரியணும். தலைமாட்டில் சிவப்பில், 'ரத்து, 24-3-2015'. எஃப்ஐஆர் பதியும் சாஃப்ட்வேரில் 66ஏ என்று தட்டினால் அதைத் தாண்டி நகரவே விடக்கூடாது. நாலு நாள் வேலைங்க, டெஸ்டிங்கையும் சேர்த்து.