கண்டிச்சீமையில் கணக்குக் கேட்கும் உரிமை

திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கண்டிச்சீமைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கலஹா, தெல்தோட்டை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் பல தலைமுறைகளாக வேரூன்றியிருந்தும், அவர்களது வாக்குரிமை மட்டும் வந்து, பறிபோய், மெல்லவே திரும்பியது. 1947இல் நாவலப்பிட்டியில் இலங்கை இந்தியன் காங்கிரசின் கே. இராஜலிங்கம் வெற்றி பெற்றார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தமும் இத்தோட்ட வாக்காளர்களில் பெரும்பாலோரை இடாப்பிலிருந்து அகற்றின. குடியுரிமையின்றி எஞ்சியோருக்கு அதனை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

இவ்வளவு காத்திருந்து பெற்ற வாக்கு, அதைக் கேட்டு வருபவரின் பணம் யாருடையது என்பதை அறியும்போதே முழுமை பெறும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, தேர்தல் முடிவு வெளியான 21 நாட்களுக்குள் வேட்பாளர் தமக்குக் கிடைத்த நன்கொடைகளையும் தாம் செய்த செலவுகளையும் காட்டும் விபரத்திரட்டை ஒப்படைக்க வேண்டும். தவறுவது சட்டவிரோதச் செயலாகும். பாராளுமன்றத் தேர்தலில் அதனைப் பெறுபவர் தெரிவத்தாட்சி அலுவலர், அதாவது மாவட்டத்தில் தேர்தலை நடத்தி முடிவை அறிவிக்கும் அதிகாரி. ஜனாதிபதித் தேர்தலில் தேர்தல்கள் ஆணைக்குழுவே பெறும். அநாமதேய நன்கொடையும் வெளிநாட்டு அரசின் பணமும் விலக்கப்பட்டவை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என விதிக்கப்பட்ட உச்சவரம்பு, வேட்பாளர் ஒருவருக்கு ஏறத்தாழ 187 கோடி ரூபாயாயிற்று. நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 வரை காத்திருந்த தோட்டத் தொழிலாளருக்கு இது சிறு தொகையன்று. தேர்தலுக்குப் பின்னும் கணக்குத் தொடர்கிறது: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், பதவியிலிருப்போர் மார்ச் 31ஆந் திகதிய நிலையைக் காட்டும் சொத்துகள், பொறுப்புகள் பற்றிய பிரகடனத்தை ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் கையளிக்க வேண்டும் என்கிறது.

இந்த ஆவணங்களை முத்திரை குத்திக் கோப்பில் வைப்பதோடு அவற்றைப் பெறும் அதிகாரியின் கடமை முடிந்துவிடுவதில்லை. தவணைக்குள் வந்தவற்றையும் வராதவற்றையும் பிரித்தறிந்து, தவறியவர் எக்கட்சியினராயினும் நடவடிக்கைக்கு அறிவித்து, கேட்டு வரும் பொதுமகனுக்கு ஆவணத்தைக் காட்டும்வரை அது நீள்கிறது. கண்டியில் நிர்வாகப் பதிவுகள் சிங்களத்தில் பேணப்பட்டாலும், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு அங்கும் அளித்துள்ளது. ஆதலால் கலஹாவிலிருந்து பேருந்தேறி மாவட்டச் செயலகத்துக்கு வரும் தொழிலாளி ஒருவர் தம் பிரதிநிதியின் கணக்கைத் தமிழில் கேட்டால், அதிகாரிகள் அதனைத் தமிழிலேயே விளக்கிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்பதற்குத் தோட்ட மக்களும் தயங்காது வரவேண்டும்.