ஏர் எங்கிருந்து வந்தது?

கியர் விழவில்லை என்று ஒரு வண்டி வந்து நின்றால், பட்டறையில் முதலில் காதில் விழும் சொல் ‘ஏர்’. “ஏர் புடிச்சிருக்கும்ணே, எடுத்துடலாமா?” என்று கேட்டுக்கொண்டே பையன் நிப்பிள் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவான். ஏர் எடுப்பது பெரிய வேலை இல்லை. அரை மணி நேரத்தில் பெடல் கெட்டியாகிவிடும், வந்தவரும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். சில நாளில் அதே வண்டி அதே குறையோடு வாசலில் நிற்கும். மூடிய குழாய்க்குள் காற்று தானாக முளைக்காது, ஏதோ ஒரு வழியில்தான் வந்திருக்கும். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ஏர் எடுப்பதை நான் ரிப்பேர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

பிள்ளையார்பாளையத்தில், கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் வழியில், தறிச் சத்தத்துக்கு நடுவே எங்கள் பட்டறை. பட்டு வியாபாரிகளின் கார்கள், லோடு வண்டிகள், சுற்றுலா டாக்ஸிகள் இவைதான் அன்றாடம். ஆனால் பெங்களூரு சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடம் இருக்கிறது. சோழவரத்துப் பழைய ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த தடம். அங்கே ஓட்டிப் பார்க்கும் ஆர்வக்காரர்களின் வண்டி எப்போதாவது இந்தத் தெருவுக்கும் வரும். அப்படி வந்ததுதான் இரண்டு கதவு கொண்ட, பின்சக்கரத்தில் ஓடும் அந்தப் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்.

“நாலஞ்சு ரவுண்டு நல்லாப் போகுது. அப்புறம் கிளட்ச் பெடல் தரையிலேயே நின்னுடுது, கால் நுனியால தூக்கிவிடணும். ஒரு மணி நேரம் நிறுத்தினா சரியாயிடுது” என்றார் வண்டிக்காரர். வேறு இரண்டு இடங்களில் ஏற்கெனவே ஏர் எடுத்திருந்தார்கள்.

இதுபோன்ற வண்டியில் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ராடைத் தள்ளும். மேலே பெடல் அரைச் சாணுக்குச் சற்று அதிகமாக இறங்கினால், கீழே ராடு நகர்வது சுமார் ஒரு விரல் அகலம்தான். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அந்த ஒரு விரல் அகலத்தில் கொஞ்சத்தைக் குமிழி தின்றுவிட்டால் கிளட்ச் முழுசாக விடாது. ரிவர்ஸ் போட்டால் பல் கரகரக்கும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் பெடலோடு கொஞ்ச நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கியர் விழுகிறதென்றால் உள்ளே காற்று இருக்க வாய்ப்பு அதிகம். ஃபர்ஸ்ட் கியரில் பெடலை மிதித்தபடியே பிடித்திருக்கும்போது வண்டி மெல்ல நகரப் பார்த்தால், மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், ஆயிலைப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ரிசர்வாயரில் அளவும் குறையாது, அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். (இதைச் செய்யும்போது வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.) ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்ப்பது இன்னொரு வழி. பெடல் கல்லாக நின்றால் மேலே குறையில்லை, கீழே தேட வேண்டும். அப்போதும் இறங்கினால் மாஸ்டர். பழைய ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, காற்று இருப்பதுபோலவே ஏமாற்றும் என்பதும் இதில் தெரிந்துவிடும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ரிசர்வாயர் இருக்கும் வண்டிகளில் கிளட்ச் குழாய் சற்று மேலே இருந்து கிளம்பும். ஆயில் குறைந்தால் கிளட்ச் முதலில் போகட்டும், பிரேக் தங்கட்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே கிளட்ச் பெடல் தொய்ந்தால் பிரேக்கையும் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

இந்த வண்டி எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆறியிருக்கும்போது குறையே இல்லை. சூட்டில் மட்டும் வரும் குறை என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஆயில்மேல்தான். மூடியைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. கிளட்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத நீர் கலந்தாலே அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். பந்தயத்தடத்துச் சூட்டில் ஸ்லேவுக்குள் நீராவிக் குமிழி கிளம்பும். ஆறியதும் அந்தக் குமிழி மறைந்துவிடும். அப்புறம் நிப்பிளைத் திறந்தால் என்ன வரும்? முன்பு பார்த்தவர்கள் ரிசர்வாயரில் கிடந்த பழைய ஆயிலையே கீழே இறக்கியிருக்கிறார்கள். 2019-இல் அத்திவரதர் தரிசனத்துக்கு ஊர் திணறிய ஜூலை, ஆகஸ்ட்டில், ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்து வந்த வெளியூர் வண்டிகளிலும் இதே கதையைப் பார்த்தேன்.

ஆயில் மட்டும்தானா? அடியில் படுத்துப் பார்த்தபோது, எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஸ்லேவுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெப்பத் தகடு இல்லை. போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. எப்போதோ கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய யாரோ திரும்ப மாட்டவில்லை. எனக்கு அங்கேதான் மனசு சமாதானமானது.

பிறகுதான் ஏர் எடுக்கும் வேலை. சிரிஞ்சால் ரிசர்வாயரைக் காலி செய்து, சீல் உடைக்காத டின்னிலிருந்து புது ஆயில். திறந்து வைத்த டின்னில் மிச்சம் கிடப்பதை நான் ஊற்றுவதில்லை. பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவவும் விடமாட்டேன், இந்த ரப்பர் கப் அதில் உப்பி ஊறிப்போகும். பெயின்ட்மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இந்த அமைப்பில் ஸ்லேவ் மாட்டியிருக்கும் கோணத்தில் காற்று நிப்பிளுக்கு வராமல் ஒரு மூலையில் தங்கும். அதனால் இரண்டு நட்டைக் கழற்றி, ராடை முழுசாக உள்ளே அழுத்தி, நிப்பிள் உச்சியில் நிற்கும்படி பிடித்துக்கொண்டேன். மீன் தொட்டிக் கடையில் வாங்கும் தெளிவான டியூபை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஆயிலுக்குள் முக்கியாயிற்று. முதலில் கீழிருந்து சிரிஞ்சால் மெல்ல மேலே தள்ளினேன். குமிழி போக விரும்பும் திசை அதுதானே. அப்புறம் ஸ்லேவை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, பெடல் முறை. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை. பழைய மாஸ்டரில் கப் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும், முழுசாக மிதித்தால் அதில் உரசிக் கிழிந்துவிடும்.

மிதிப்பது எங்கள் பட்டறைப் பையன். குழித்தறியில் அப்பாவோடு உட்கார்ந்து வளர்ந்தவன், அவசரமில்லாமல் ஒரே சீராக மிதிக்கத் தெரியும். வேகமாக அடித்தால் ஒரு பெரிய குமிழி நூறு பொடிக் குமிழியாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், அதை எடுக்க மறுநாள்வரை காத்திருக்க நேரும். “மிதி... புடி... விடு.” டியூபில் கருப்பு போய்ப் பொன்னிறம் வரும்வரை விடவில்லை. பிரேக்கிலும் நாலு சக்கரத்துக்கும் பழைய ஆயிலை மாற்றினோம். அதற்கான காசைப் பற்றி வண்டிக்காரர் தயங்கினார். தடத்தில் கிளட்ச் போனால் வண்டி நிற்கும், பிரேக் போனால் நிற்காது என்று சொன்னதும் சரி என்றார்.

தகடு வெட்டி, துளையிட்டு மாட்டினோம். மாலை நெரிசலில் காந்தி ரோடு பட்டுக்கடைகள் நெடுக ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். நன்றாகச் சூடேறியபின் ரிவர்ஸ் போட்டேன், சத்தமில்லாமல் விழுந்தது. தடத்துச் சூடு இதைவிட அதிகம், அதை அவர்தான் அங்கே ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கியபோது உள்ளே லேசான ஈரம் இருந்ததையும் அவரிடம் காட்டினேன். இன்னும் சொட்டவில்லை, ஆனால் அந்த கப் அதிக நாள் தாங்காது. புது ஸ்லேவ் சிலிண்டர் வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் மறுபடி இதே வேலை இருக்கிறது.